ஓதம் ஏறும் ட்ரெண்ட் ஆற்றில் பார்பல் பிடிக்க எந்த ராடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ட்ரெண்ட் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் பார்பல் மீன் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ராடை, அதாவது தூண்டில் கழியைப் பற்றித்தான். சிறிய ஆறுகளில் நன்றாக வேலை செய்த ராடை எடுத்துக்கொண்டு நியூவார்க் பக்கம் போய், அரை நாளில் தோள்வலியோடு திரும்புகிறவர்கள் உண்டு. கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான் வருகின்றன. பதில்கள் இங்கே.

பார்பல் எப்படிப்பட்ட மீன்?

கெண்டைக் குடும்பத்து மீன். நீண்டு உருண்ட உடல், தட்டை வயிறு, கீழ்நோக்கிய வாய், உதட்டோரம் நான்கு மீசை. தரையோடு ஒட்டி, சரளைக்கல்லைக் கிளறி மேயும். மற்ற மீன்கள் ஒதுங்கிப்போகும் வேகத்திலும் இது அடியில் படுத்துக் கிடக்கும். காவிரி மஹ்சீருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். மஹ்சீரையும் ஒருகாலத்தில் பார்பஸ் என்ற பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகளுக்குத்தான் இது பூர்வீகம். பிரிட்டன் ஐரோப்பாவோடு நிலமாக ஒட்டியிருந்த காலத்தில் அந்த ஆறுகளுக்கும் ரைனுக்கும் தொடர்பு இருந்தது. மேற்கே ஓடும் செவர்ன் ஆற்றுக்கு 1956இல் கென்னட் ஆற்றிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். ட்ரெண்ட் கிழக்குக் கூட்டத்தைச் சேர்ந்தது. தொழிற்சாலைக் கழிவால் நாறிக் கிடந்த ஆறு தெளிந்த பிறகு, இப்போது 10 பவுண்டு (4.5 கிலோ) மீன் அங்கே அதிசயமில்லை. 15 பவுண்டைத் தாண்டியவையும் வருகின்றன.

ஓதம் ஏறும் பகுதி என்றால் எது? அங்கே என்ன வித்தியாசம்?

நியூவார்க்குக்குக் கீழே குரோம்வெல் என்ற இடத்தில் பெரிய தடுப்பணை இருக்கிறது. அதுதான் எல்லை. அங்கிருந்து டன்ஹாம், டார்க்சி, கெயின்ஸ்பரோ வழியாக ஹம்பர் முகத்துவாரம் வரை 80 கிலோமீட்டருக்கு மேல் கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றில் தெரியும். ஏற்றம் சீக்கிரம் முடியும், வடிதல் நீண்ட நேரம் நடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில் கெயின்ஸ்பரோ பக்கம் ஆற்றை எதிர்த்து ஓர் அலையே ஏறி வரும். உள்ளூரில் அதை ஈகர் என்கிறார்கள்.

குரோம்வெல்லுக்கு அருகே அவ்வளவு நாடகம் கிடையாது. நீர் மட்டம் உயரும், ஓட்டம் தளரும், பிறகு மட்டம் இறங்கி ஓட்டம் மறுபடி இழுக்கும். கீழே போகப் போக ஓட்டம் அப்படியே திரும்பி மேல்நோக்கிப் போவதையும் பார்க்கலாம். ராடு வாங்குகிறவருக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. காலையில் இரையைத் தரையில் நிறுத்தும் ஈயம் 3 அவுன்ஸ் (85 கிராம்) இருந்தாலே அசையாமல் நின்ற அதே இடத்தில், மதியம் 6 அவுன்ஸும் உருண்டுகொண்டு போகலாம்.

டெஸ்ட் கர்வ் என்று ராடில் எழுதியிருக்கிறதே, அது என்ன?

ராடின் பலத்தைச் சொல்லும் எண். அடிப்பிடியை அசையாமல் வைத்து, நுனியில் எடையைக் கட்டி இழுக்கும்போது, நுனி அடிப்பிடிக்கு 90 பாகையில் வளைய எத்தனை பவுண்டு தேவையோ அதுதான் டெஸ்ட் கர்வ். சிறிய ஆற்றுப் பார்பல் ராடுகள் 1.25 முதல் 1.75 வரை இருக்கும். கெண்டை மீன் ராடுகள் 2.5 முதல் 3.5 வரை போகும்.

பிளந்த மூங்கிலால் ராடு செய்த 1950களில் இரண்டு கணக்குகள் பழக்கத்துக்கு வந்தன. டெஸ்ட் கர்வை ஐந்தால் பெருக்கினால் அதற்கு ஏற்ற நரம்பின் (தூண்டில் நூலின்) பலம் வரும்; ஒவ்வொரு பவுண்டுக்கும் ஓர் அவுன்ஸ் என்று எடுத்துக்கொண்டால் வீச ஏற்ற ஈயம் வரும். அதாவது 1.75 பவுண்டு ராடுக்கு ஏறக்குறைய 9 பவுண்டு நரம்பு, 50 கிராம் ஈயம். கார்பன் ராடுகள் இந்தக் கணக்கை நன்றாக மீறினாலும் தாங்கும். ஆனால் அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவரின் 1.75, இன்னொருவரின் 2ஐ விடக் கடினமாக இருக்கும். எண் ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

என்னிடம் 1.75 பவுண்டு ராடு இருக்கிறது. 12 பவுண்டு மீனையே பிடித்திருக்கிறேன். அது போதாதா?

மீனுக்குப் போதும். ஆற்றுக்குப் போதாது. எல்லோரும் குழம்பும் இடம் இதுதான்.

ஓத ஆற்றில் ராடைத் தீர்மானிப்பது ஈயத்தின் எடை. உங்கள் இரை தரையில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஓட்டம் நரம்பை இழுக்கிறது. அந்த இழுவை, நீரின் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. ஆகவே ஓட்டம் கொஞ்சம் கூடினாலே 3 அவுன்ஸ் போய் 5, 6 அவுன்ஸ் வேண்டியிருக்கிறது. நடு ஆற்றில் வெள்ளம் ஓடும்போது 8 அவுன்ஸ், அதாவது சுமார் 225 கிராம் வரை போடுகிறவர்கள் உண்டு.

அதை வீச வேண்டும். வீசினால் மட்டும் போதாது, திரும்ப எடுக்கவும் வேண்டும். 150 கிராம் ஃபீடர் (இரையை அடைத்து வீசும், ஈயம் பொருத்திய கூடு), அதற்குள் அடைத்த இரை, வழியில் நரம்பில் சிக்கிய பாசியும் இலையும், இவை அத்தனைக்கும் மேல் எதிர்நீரின் தள்ளல். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். 1.75 ராடு அடிவரை வளைந்து நின்றுவிடும், ஈயத்தைத் தரையிலிருந்து கிளப்பவே பலம் மிஞ்சாது. கிளம்பாத ஈயம் கரையோரப் பாறைகளுக்குள் இழுபட்டு, அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அதற்காக 1.75 ராடைத் தூக்கி எறிய வேண்டாம். கரையிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி, வேக நீரும் மெது நீரும் சந்திக்கும் கோட்டில் 2, 3 அவுன்ஸோடு போடுவதற்கு அதைவிட இனிமையான ராடு இல்லை. கோடையில் ஆறு தாழ்ந்து ஓடும்போது அந்தக் கோட்டிலேயே நிறைய மீன் கிடைக்கும்.

சரி, ஒரே ஒரு ராடு வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?

12 அடி, 2 முதல் 2.25 பவுண்டு. நடுப்பகுதி வரை வளையும் தன்மை. 3 முதல் 5 அவுன்ஸ் வரை பயமில்லாமல் வீசலாம், தேவைப்பட்டால் 6 அவுன்ஸையும் மெதுவாக எடுத்துப் போடலாம். ஓத ட்ரெண்ட்டில் பெரும்பாலான நாட்கள் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

நடு ஆற்றில்தான் போடுவேன், குளிர்கால வெள்ளத்திலும் போவேன் என்கிறவருக்கு 2.5 பவுண்டு. அல்லது 150 கிராமுக்கு மேல் வீசக்கூடிய 13 அடி கனரக ஃபீடர் ராடு. ரைன் போன்ற பெரிய ஆறுகளுக்காக ஐரோப்பாவில் செய்யப்படும் 3.9 மீட்டர், 4.2 மீட்டர் ஃபீடர் ராடுகள் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்துகின்றன. ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் இதே பார்பலை, இதைவிட அகன்ற ஆற்றில், சரக்குக் கப்பல்களுக்கு நடுவே பிடிக்கிறார்கள். பிரிட்டிஷ் கடைகளில் பார்பல் என்று அச்சடித்த ராடு மட்டுமே பார்பல் ராடு என்று நினைக்க வேண்டாம்.

ஃபீடர் ராடின் மெல்லிய நுனி தேவையா?

பார்பல் கடித்தால் நுனியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ராடே தாங்கியிலிருந்து பிடுங்கப்படும். ஆனாலும் மாற்றி மாற்றிப் போடும் நுனிகளுக்கு வேறு பயன் இருக்கிறது. ஈயம் நழுவுகிறதா, நரம்பில் பாசி சேர்கிறதா, ஓட்டம் தளர ஆரம்பித்துவிட்டதா என்பதை நுனிதான் முதலில் சொல்லும். நுனியின் விறைப்பையும் அவுன்ஸில்தான் சொல்வார்கள். 4 அவுன்ஸுக்குக் குறைந்த நுனியைப் போட்டால் நல்ல ஓட்டத்தில் அது முழுதாக வளைந்து நின்றுவிடும், எதையும் காட்டாது. 5, 6 அவுன்ஸ் நுனிகளோடு வரும் ராடைப் பாருங்கள்.

ஒரே அடிப்பாகத்துக்கு இரண்டு மேல்பாகங்கள் கொடுக்கும் ராடுகளும் உண்டு, ஒன்று ஏவன் வகை (தனி நுனி இல்லாத சாதாரண மேல்பாகம்), மற்றொன்று நுனி மாற்றும் வகை. சிறிய ஆறுகளுக்கு நல்ல யோசனை. ஆனால் இவற்றில் பல 1.25, 1.5 பவுண்டில்தான் வருகின்றன. வாங்குமுன் எண்ணைப் பாருங்கள்.

கெண்டை மீன் ராடு வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

2.5 பவுண்டு, சீராக வளையும் பழைய ராடு என்றால் தாராளமாக. 3, 3.5 பவுண்டு ராடுகள் 100 மீட்டர் தூரம் வீசுவதற்கென்று செய்தவை. ஈயத்தை அவை சுலபமாகத் தூக்கும், அதில் குறையில்லை. சிக்கல் கரையருகே வரும். பார்பல் வலையைக் கண்டதும் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும், அதுவும் நேரே கீழ்நோக்கி. அந்த நேரத்தில் ராடு வளைந்து கொடுக்காவிட்டால் தூண்டில் முள் வாயைக் கிழித்து வெளியே வந்துவிடும், இல்லையென்றால் நரம்பு அறுந்துபோகும். கடினமான ராடுதான் இருக்கிறது என்றால், ரீலின் பிரேக்கை வழக்கத்தைவிடத் தளர்த்தி வையுங்கள்.

நீளம் 11 அடியா, 12 அடியா, 13 அடியா?

11 அடியை மரம் அடர்ந்த சிறிய ஆறுகளுக்கு விட்டுவிடலாம். 12க்கும் 13க்கும்தான் போட்டி.

ஓட்டம் பலமான ஆற்றில் ராடைத் தாழ்வாக வைப்பதில்லை. நுனி வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைப்பார்கள். நுனி எவ்வளவு உயரமோ, அவ்வளவு நரம்பு நீருக்கு வெளியே இருக்கும். வெளியே இருக்கும் நரம்பை ஓட்டம் இழுக்காது, இலையும் சிக்காது. 13 அடி ராடு இதில் ஒரு படி மேல். ட்ரெண்ட்டின் கரைகளில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பெரிய பாறைகள் நீருக்குள்ளும் நீண்டு கிடக்கும். மீனைக் கொண்டுவரும்போது நரம்பு அவற்றில் உரசாமல் தூக்கிப் பிடிக்கவும் அந்தக் கூடுதல் அடி உதவும்.

எதிராகச் சொல்ல இரண்டு விஷயங்கள். தனியாக நின்று வலையில் மீனை எடுக்கும்போது 13 அடி ராடு கைக்கு அடங்காது. நாள் முழுக்க வீசினால் கை அலுத்துவிடும். நான் 12 பக்கம். பாறைக்கரை நீளமாகப் போகும் இடங்களுக்குப் போகிறவர் 13 வாங்கட்டும்.

ஈயத்தைக் கூட்டாமல் இரையை நிற்க வைக்க வழி இல்லையா?

இருக்கிறது. கனமான ராடு வாங்குமுன் இதைப் பழகிக்கொள்வது நல்லது. வீசி ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பை இழுத்து முறுக்காமல், இன்னும் சில மீட்டர் நரம்பை விட்டுக் கொடுங்கள். நரம்பு ஓட்டத்தில் வில்லாக வளைந்து நிற்கும். இறுக்கிய நரம்பு ஈயத்தை மேல்நோக்கிக் கிளப்பும். வில்லாக நிற்கும் நரம்பு தரையோடு பக்கவாட்டில் இழுக்கும். அதனால் ஓர் அவுன்ஸ் இரண்டு அவுன்ஸ் குறைத்தே ஈயம் நிற்பதுண்டு. கொஞ்சம் மேல்நீரை நோக்கி வீசினால் இன்னும் நல்லது. அப்போது கடி வந்தால் ராடு வளையாது, மாறாக நிமிர்ந்துவிடும், நரம்பு தளரும். உடனே சுற்றிக்கொண்டு தொடர்பைப் பிடிக்க வேண்டும்.

உருண்டை ஈயத்தைத் தவிர்த்துத் தட்டையானதைப் போடுங்கள். பிரிட்டனில் 28.35 கிராம் வரையிலான சிறு ஈயக்குண்டுகளுக்கு, தூசி போன்ற மிகச் சிறியவற்றைத் தவிர, 1987 முதல் தடை இருக்கிறது; அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததுதான் காரணம். நாம் இங்கே பேசும் கனமான எடைகளை அந்தத் தடை தொடாது.

ரீலும் நரம்பும்?

4000 முதல் 6000 அளவு ரீல். கனமான ஈயத்தை எதிர்நீரில் இழுக்கப்போகிறீர்கள் என்பதால் கியர் பலமாக இருக்கட்டும். பின்னால் ஒரு விசையைத் தட்டினால் நரம்பு தாராளமாக ஓடும் வகை ரீல் அவசியம். ஷிமானோ பெய்ட்ரன்னர் என்ற பெயரில் கொண்டுவந்ததை இப்போது எல்லாக் கம்பெனிகளும் வெவ்வேறு பெயரில் விற்கின்றன. அந்த விசையைப் போடாமல் டீ ஊற்றத் திரும்பியவர்களின் ராடுகள் ட்ரெண்ட்டின் அடியில் நிறையக் கிடக்கும்.

நரம்பு 12 பவுண்டு நைலான், பாறை அதிகம் என்றால் 15. பின்னல் நரம்பு மெல்லியது, இழுவையும் குறைவு, ஆனால் கல்லில் உரசினால் நொடியில் போய்விடும். முதன்மை நரம்பாக அதைத் தடை செய்த கிளப்புகளும் உண்டு. தூண்டில் முள்ளுக்கு மேலே கட்டும் நரம்புத் துண்டு, முதன்மை நரம்பைவிடப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். அறுந்தால் மீன் வாயில் ஈயமும் நீண்ட நரம்பும் தொங்கக் கூடாது.

ராடை எதில் வைப்பது?

பாறைக்கரையில் குச்சி இறங்காது. முக்காலியோ, கல்லுக்கிடையில் திருகி இறக்கும் தடித்த இரும்புத் தாங்கியோ வேண்டும். அப்புறம், ஓதத்தை மறந்து நீரோரத்தில் சாமான்களைப் பரப்பாதீர்கள். ஏற்றம் வரும்போது மட்டம் சத்தமில்லாமல் உயரும், வலையும் பையும் மிதந்துவிடும். வடிந்த பிறகு தெரியும் பாறைகள் மேல் வழுக்கும் சேறு படிந்திருக்கும். ஹல் துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். மேலே போகப் போக அந்த நேரத்தோடு சில மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓட்டம் நின்றுவிட்டால் ராடை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஈயத்தைக் குறைத்தால் போதும், அதுவும் கட்டாயமில்லை. ஓட்டம் திரும்பும் இடங்களில் மட்டும், வில்லாக நின்ற நரம்பு தளர்ந்து எதிர்ப்பக்கம் வளையும். எடுத்துத் திரும்ப வீசிவிடுங்கள். நீர் அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில் கடி குறைவது வழக்கம். வடிதல் தொடங்கி ஓட்டம் பிடிக்கும்போது கவனமாக இருங்கள்.

பலமான ராடு மீனுக்குக் கொடுமை இல்லையா?

நேர் மாறாகத்தான் நடக்கும். பார்பல் உயிர் போகிறவரை போராடும். பலமில்லாத ராடோடு 20 நிமிடம் விளையாட்டுக் காட்டினால், மீன் களைத்துக் கவிழ்ந்துவிடும். கோடையில் நீர் சூடாகி ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது விட்டாலும் பிழைக்காமல் போகலாம். சில நிமிடத்தில் கரைக்குக் கொண்டுவரும் ராடுதான் மீனுக்கு நல்லது. எடுத்ததும் பெரிய வலையிலேயே, தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கும்படி நீருக்குள் ஓய்வெடுக்க விடுங்கள். தானாக உதறிக்கொண்டு கிளம்பும்வரை கையை விட வேண்டாம். கூண்டு வலையில் போட்டு வைக்காதீர்கள். முதுகுத் துடுப்பின் முன்முள் அரம் போல் இருக்கும், வலையில் சிக்கிக் காயப்படும்.

சாப்பிடலாமா?

நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. இங்கிலாந்தில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பார்பலைத் தூண்டிலில் பிடித்து எடுத்துப்போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் ஆசைப்பட ஒன்றுமில்லை: முள் அதிகம், அதோடு அதன் முட்டை நஞ்சு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

உரிமம் வேண்டுமா? எத்தனை ராடு போடலாம்?

13 வயது முதல் சுற்றுச்சூழல் முகமையின் ராடு உரிமம் தேவை. சாதாரண உரிமத்தில் இரண்டு ராடுகள் போடலாம். கரைக்கு உரிய கிளப்பின் சீட்டு அல்லது நாள் கட்டணம் தனி. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தடைக்காலம். ஜூன் 16 அன்று கரையில் இடம் பிடிக்க விடியலுக்கு முன்பே ஆள் இருக்கும்.

இரண்டு போடலாம் என்பதற்காகப் போட வேண்டாம். பலமான ஓட்டத்தில் ஒரு ராடில் மீன் இருக்கும்போது மற்றொன்றின் நரம்பு குறுக்கே கிடந்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். பழகும்வரை ஒன்று போதும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? பழைய ராடு வாங்கினால்?

ரீலைப் பொருத்தி, வளையங்கள் வழியாக நரம்பைக் கோர்த்து, கூட வந்தவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மெதுவாக வளையுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு சுலபமாக வளைந்து, நடுப்பகுதி படிப்படியாகச் சேர்ந்து, கைப்பிடிக்கு மேலே உள்ள பகுதி விறைப்பாக நிற்க வேண்டும். கடையில் ராடைக் காற்றில் ஆட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கைப்பிடி நீளமாக இருக்கட்டும்; கனமான ஈயத்தை வீசும்போது கீழ்க்கைதான் வேலை செய்கிறது. ரீல் பிடி திருகு வகையாக இருக்க வேண்டும்.

பழைய ராடில் முதலில் வளையங்களைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பீங்கான் பூச்சில் விரிசல் இருந்தால் நரம்பை அறுத்துவிடும். பஞ்சை உள்ளே விட்டு இழுத்தால் விரிசலில் நூல் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். பிறகு இரண்டு பாகங்கள் சேரும் மூட்டு. ஒரு பாகத்தின் தண்டு மற்றதற்குள் செருகும் வகை மூட்டு என்றால், சேர்த்த பிறகு விளிம்புகளுக்கிடையே சிறிய இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், 5 அவுன்ஸ் வீசும்போது மேல்பாகம் ஈயத்தோடு சேர்ந்து பறக்கும். கார்பனின் மேல் ஆணி பட்டது போல் வெள்ளைப் புள்ளியோ பள்ளமோ தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.